அந்தக் காலத்து விலையும் அந்தக் காலத்துக் கூலியும்

கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்துக்குச் செல்லும் வழியில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு காலைப்பொழுதை அங்கே கழிக்கும் ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். நாளிதழைப் பிரித்ததும் எங்கள் பேச்சு பெரும்பாலும் விலைவாசியில்தான் தொடங்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்பதைப் பற்றி ஒருவர் பெருமூச்சு விடுவார். 'எங்கள் காலத்தில்...' என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். பிறகு ஒவ்வொருவரும் தத்தம் நினைவிலிருந்து ஒரு விலையை எடுத்து வைப்போம்.

என் பங்குக்கு நான் எப்போதும் சொல்வது டிவிஎஸ் 50 கதை. ஒசூரில் தயாராகி 1980-இல் விற்பனைக்கு வந்த அந்த மொபெட்டை 1983-இல் வாங்கினேன். கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அப்போது ஆசிரியர் பணி. பெட்ரோல் லிட்டர் ஆறு ரூபாய் சொச்சம். இருபது ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால் வாரம் முழுவதும் பள்ளிக்குப் போய் வரலாம். 'ஆறு ரூபாய் பெட்ரோல்' என்று நான் சொல்லும்போதெல்லாம், இழந்துவிட்ட ஒரு பொற்காலத்தைப் பற்றிப் பேசுவதாகவே எனக்குத் தோன்றும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள், களையெடுக்க ஆள் ஏற்றிப்போகும் வண்டிக்காகக் கடையோரம் காத்திருந்த ஓர் அம்மையார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். இளம்பெண்ணாக இருந்தபோது எங்கள் கரும்பு வயலில் வேலை செய்தவர். 'பெட்ரோலு ஆறு ரூபான்னு சொல்றீங்களே சாரு, அப்ப எங்களுக்கு என்னா கூலின்னு ஞாபகம் இருக்குதா?' என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆண்களுக்கு ஏழு ரூபாய், பெண்களுக்கு நான்கு ரூபாய். அந்தக் கூலியை எண்ணிக் கொடுத்ததே எங்கள் வீடுதான். நாற்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்த கதையில் அந்த நான்கு ரூபாய் ஒருமுறைகூட இடம்பெற்றதில்லை.

அவருடைய கேள்வியை அன்றே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 1983-இல் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை அந்தப் பெண்ணின் ஒன்றரை நாள் கூலி. ஆணுக்கு ஏறத்தாழ ஒரு நாள் கூலி. இன்று எங்கள் பகுதியில் வயல் வேலைக்கு ஆண்களுக்கு 600 ரூபாயும் பெண்களுக்கு 300 ரூபாயும் தருகிறார்கள். அதே லிட்டருக்கு இன்று பெண் மூன்றில் ஒரு பங்கு நாளும், ஆண் ஆறில் ஒரு பங்கு நாளும் உழைத்தால் போதும். ரூபாய்க் கணக்கில் பெட்ரோல் பதினாறு, பதினேழு மடங்கு உயர்ந்திருக்கிறது. உழைப்புக் கணக்கில் அது மலிவாகியிருக்கிறது.

இது எங்கள் ஊர்க் கணக்கு மட்டுமன்று. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது, முதற்கட்ட மாவட்டங்களில் கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டமும் ஒன்று. அப்போது தமிழ்நாட்டில் அதற்கான நாள் கூலி 80 ரூபாய். பெட்ரோல் விலை 50 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகவே, ஒரு நாள் கூலிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். 2025-26-ஆம் நிதியாண்டில் அந்தக் கூலி 336 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதைக் கொண்டு மூன்று லிட்டருக்கு மேல் வாங்கலாம். அறிவிக்கப்படும் கூலி முழுமையாகக் கைக்கு வருவதில்லை, நூறு நாள் வேலையும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பது வேறு. விலையை மட்டும் பார்த்தால் ஒரு படமும், கூலியோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு படமும் தெரிகிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

விலைகள் இவ்வளவு உயர்ந்தது எப்படி என்பதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற வேகத்தில் உயரும் ஒரு பொருளின் விலை பத்தே ஆண்டுகளில் இரட்டிப்பாகும். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் பதினேழு மடங்காகும். 1983-இல் ஆறு ரூபாயாக இருந்த பெட்ரோல் இன்று 101 ரூபாயை ஒட்டி நிற்பதற்குள் ஒளிந்திருப்பது இந்தக் கூட்டு வட்டிக் கணக்குதான். கூலியும் சம்பளமும் அதைவிட வேகமாக உயர்ந்தவர்களுக்கு வாழ்க்கை எளிதாகியிருக்கிறது. மெதுவாக உயர்ந்தவர்களுக்குக் கடினமாகியிருக்கிறது. பொருளியலாளர்கள் இதை 'உண்மைக் கூலி' என்பார்கள். கையில் எத்தனை ரூபாய் வருகிறது என்பதைவிட, அந்த ரூபாய் எத்தனை கிலோ அரிசியாக, எத்தனை லிட்டர் எரிபொருளாக மாறுகிறது என்பதே அதன் அளவுகோல்.

அப்படியானால் என்னைப் போன்றோர் பழைய விலையை மட்டும் ஏன் நினைவில் வைத்திருக்கிறோம்? விலையை நாள்தோறும் கடையில் சந்தித்தோம். சம்பளத்தை மாதம் ஒருமுறைதான் சந்தித்தோம் என்பது ஒரு காரணம். சம்பள உயர்வை நம் உழைப்புக்கும் தகுதிக்கும் கிடைத்ததாக எண்ணுகிறோம், விலை உயர்வை மட்டும் பிறர் நமக்குச் செய்த அநீதியாக எண்ணுகிறோம் என்பது இன்னொரு காரணம். உண்மையில் இரண்டும் ஒரே ஓட்டத்தின் இரு கரைகள்.

விலை உயர்வைக் குறித்த புலம்பலும் புதியதன்று. 1973-இல் மேற்காசியப் போரைத் தொடர்ந்து கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் பீப்பாய்க்கு மூன்று டாலர் அளவிலிருந்து பன்னிரண்டு டாலர் அளவுக்குத் தாவியது. அந்த ஆண்டு நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து, அடல் பிகாரி வாஜ்பாய் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தனர். இன்று நாம் ஏக்கத்தோடு நினைக்கும் விலைகள், அன்று மக்கள் வீதியில் இறங்கிப் போராடிய விலைகள்.

மலிவு என்பதற்கும் கிடைத்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் நம் நினைவு மறைத்துவிடுகிறது. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு. உரிமம் பெற்ற ஆலை எத்தனை வண்டிகள் தயாரிக்கலாம் என்பதை அரசு நிர்ணயித்த காலம் அது. காத்திருக்க இயலாதவர்கள் அதிக விலை கொடுத்துக் கைமாற்றி வாங்கினார்கள். அட்டவணையில் அச்சிட்டிருந்த விலை மலிவானதுதான். அந்த விலைக்கு வண்டி கிடைக்கவில்லை.

அரிசியின் கதையும் அதுவே. 1965-66 பஞ்சத்தையொட்டிய ஆண்டுகளில் அரிசிக்கு நேர்ந்த தட்டுப்பாடு தமிழ்நாட்டின் ஆட்சியையே மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதியோடு அறிஞர் அண்ணா 1967 தேர்தலைச் சந்தித்தார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் 2006-இல் நியாயவிலைக் கடை அரிசி கிலோ 2 ரூபாயாகவும், 2008 செப்டம்பரில் 1 ரூபாயாகவும் ஆனது. 2011 ஜூன் முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. என் பாட்டியார் காலத்து மலிவுக் கதைகளில் எதிலும் இவ்வளவு மலிவான அரிசி இல்லை. கருணாபுரத்தின் பல வீடுகளில் உலை கொதிப்பது இந்த அரிசியால்தான். அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்று பேசும்போது, அந்தக் காலத்தில் பல வீடுகளில் இரவு அடுப்பு எரியாததை மறந்துவிடுகிறோம்.

மோட்டார் வாகனச் செலவுக்கு வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதன் விலை 50,000 ரூபாயை ஒட்டி இருந்தது. கேட்பதற்கு மலிவுதான். அன்று தங்கம் சவரன் 1,500 ரூபாய்க்குள். ஆக, ஒரு கார் வாங்க முப்பது சவரனுக்கு மேல் விற்க வேண்டும். 2025-இல் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டிய பிறகு, நான்கைந்து லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு தொடக்க நிலைக் காருக்கு ஏழு சவரன் போதும். தங்கத்தை அளவுகோலாகக் கொண்டால் கார் பெருமளவு மலிவாகிவிட்டது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மகளுக்கு ஐந்து சவரன் போட நினைக்கும் கூலித் தொழிலாளியின் பாடு எவ்வளவு கடினமாகிவிட்டது என்பது புலப்படும். எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோமோ அதற்கேற்பப் பொற்காலம் இடம் மாறுகிறது.

அன்றைய மலிவுக்குப் பின்னே வேறு செலவுகளும் இருந்தன. நான் ஆறு ரூபாய்க்கு வாங்கிய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் சீராக ஓடுவதற்காகச் சேர்க்கப்பட்ட அந்த ஈயம் புகையோடு வெளியேறிக் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது மருத்துவ உலகம் உறுதிசெய்த உண்மை. 2000 பிப்ரவரி முதல்தான் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டும் விற்பனையாகிறது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் கடுமையான புகைத் தரமும் நடைமுறைக்கு வந்தது.

இன்று புதிய இருசக்கர வாகனம் வாங்கும்போது ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே வாங்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் இது கட்டாயம். 2019 ஏப்ரலுக்குப் பின் பாதுகாப்பான பிரேக் அமைப்பும் கட்டாயமாகிவிட்டது. இவையெல்லாம் வண்டியின் விலையைக் கூட்டியிருக்கின்றன. முன்பு இந்தச் செலவு இல்லாமல் இருக்கவில்லை. விபத்தில் அடிபட்டவரும், இழப்பீடு கிடைக்காத குடும்பமும், புகையைச் சுவாசித்த குழந்தையும் அதைச் செலுத்திவந்தனர். வண்டி வைத்திருந்த எனக்கு மட்டும் அது மலிவாக இருந்தது.

அரசு கொடுத்த மலிவுக்கும் பின்னாளில் ஒரு ரசீது வந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது, அந்த உயர்வு முழுவதும் நம் பங்குகளில் தெரியவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்ட அன்றைய மத்திய அரசு 2005 முதல் 2010 வரை சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய்க்கு எண்ணெய்ப் பத்திரங்களை வழங்கியது. அதாவது, அன்று வண்டி ஓட்டியவர்களின் செலவில் ஒரு பகுதி பிற்கால வரிசெலுத்துவோர் தலையில் ஏற்றப்பட்டது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறும் முறை வந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, விலை உயர்வு என்பதே வெறும் மனமயக்கம் என்று நான் முடித்துக்கொண்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். இன்றைய குறைகளில் உண்மையானவை எவை என்பதைப் பிரித்தறியத்தான் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

முதலாவது, எரிபொருள் மீதான வரி. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது பெட்ரோல் ஏறுகிறது. இறங்கும்போது அதே வேகத்தில் இறங்குவதில்லை. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்துகொண்டே போக, மத்திய கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், ஒரே நாளில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டப்பட்டன. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக நின்றது. 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏறியது. எண்ணெய் விலை அப்போது குறைந்திருந்ததால் பங்க்கில் விலை மாறவில்லை. குறைந்திருக்க வேண்டிய 2 ரூபாய் குறையாமல் போனது. எண்ணெய்ப் பத்திரங்களின் கடனைவிடப் பன்மடங்கு தொகை இவ்வாறு வரியாக வசூலாகியிருக்கிறது.

மாநில அரசின் பங்கும் சிறியதன்று. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதத்துடன் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் மதிப்புக்கூட்டு வரியாக விதிக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட்டில் மாநில நிதிநிலை அறிக்கையின் வழியே 3 ரூபாய் குறைக்கப்பட்ட பின்னும் நிலை இதுதான். இரண்டு அரசுகளின் வரிகளையும் கூட்டினால், நாம் கொடுக்கும் 101 ரூபாயில் 40 ரூபாய்க்கு மேல் வரி.

இந்த வரிக்கு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு தெரியாது. கருணாபுரத்திலிருந்து பழைய மொபெட்டில் கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவர் இரண்டு நாளுக்கு ஒரு லிட்டர் போடுகிறார் என்று கொள்வோம். மாதம் பதினைந்து லிட்டர், 1,500 ரூபாய். அதில் 600 ரூபாய்க்கு மேல் வரி. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வேலை தேடிச் செல்வதற்கே அவர் வரி செலுத்துகிறார். பல லட்ச ரூபாய் காரில் செல்பவரும் லிட்டருக்கு அதே வரியைத்தான் செலுத்துகிறார். அவருடைய வருமானத்தில் அது கண்ணுக்குத் தெரியாத துளி. இவருடைய வருமானத்தில் அது ஒரு வாரத்துக் காய்கறி.

இரண்டாவது, கூலியின் வேகம் குறைந்திருப்பது. ஊரக உண்மைக் கூலி 2014-க்கு முந்தைய சில ஆண்டுகளில் நாடெங்கும் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது; அதன்பின் அந்த வளர்ச்சி பெரிதும் மந்தமாகிவிட்டதைத் தொழிலாளர் பணியகத்தின் தரவுகள் காட்டுகின்றன. 1983-ஐயும் இன்றையும் ஒப்பிட்டால் தொழிலாளி முன்னேறியிருக்கிறார். பத்தாண்டுக்கு முன்பையும் இன்றையும் ஒப்பிட்டால் பலர் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறார்கள். போதாததற்கு நாற்று நடவும் அறுவடையும் இயந்திரத்துக்கு மாறிவருவதால், ஆண்டில் வேலை கிடைக்கும் நாள்களும் குறைந்துவருகின்றன. இன்றைய இளைஞர் 'விலைவாசி தாங்க முடியவில்லை' என்று சொல்லும்போது, அதை என் டிவிஎஸ் 50 கதையைப் போன்ற பழங்கதையாக ஒதுக்கிவிடக் கூடாது.

இதில் எனக்குள்ள பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். விலைவாசிக் குறியீடு உயர்ந்தால் என் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உயர்கிறது. தேநீர்க் கடையில் விலை உயர்வைப் பற்றி உரக்கப் பேசும் எங்களில் பெரும்பாலோர் இப்படி ஒரு குடைக்குள் இருப்பவர்கள். களையெடுக்கச் செல்பவருக்கு அகவிலைப்படி கிடையாது. வேலை உறுதித் திட்டக் கூலி வேளாண் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்டு ஆண்டுதோறும் திருத்தப்பட்டுவந்தது. அது விலை ஏற்றத்தை ஈடுகட்ட மட்டுமே உதவும். வாழ்க்கையை ஒரு படி மேலே உயர்த்தாது.

மூன்றாவது, விலைப் பட்டியலில் இடம்பெறாத செலவுகள். கருணாபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரிவது கல்வராயன் மலை. அங்கே ஜாகீர் முறை முடிவுக்கு வந்ததே 1976-இல்தான். மலையில் சாலை, மருத்துவம், கல்வி ஆகிய அடிப்படை வசதிகள் எந்த நிலையில் உள்ளன என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தாமாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரிக்க நேர்ந்தது. சாலையில்லாத குக்கிராமத்தில் வாழ்பவருக்குப் பெட்ரோல் ஆறு ரூபாயா, நூறு ரூபாயா என்பது இரண்டாம் கேள்வி. பிரசவ வலி எடுத்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டி வருமா என்பதே அவருக்கு முதல் கேள்வி. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தபோது கூலிக்குச் செல்லும் பெண்களின் கையில் மிஞ்சிய தொகை, எரிபொருள் விலைக் குறைப்பால் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம். பேருந்து வராத ஊர்களுக்கு அந்தப் பயன் சென்று சேரவில்லை.

கருணாபுரம் என்றதும் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது வேறொன்றாக இருக்கும். 2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், பெண்களும் இருந்தார்கள். அந்த நாள்களில் எங்கள் தேநீர்க் கடை மூடியே கிடந்தது. அது மது பற்றிய கதை மட்டுமன்று, விலையைப் பற்றிய கதையும்தான். அரசுக் கடையின் மலிவான கால் புட்டியைவிடக் குறைந்த விலைக்கு அந்தப் பாக்கெட் கிடைத்தது. நாள் முழுவதும் சுமை தூக்கிய உடல்வலிக்கு, கையிலிருந்த காசுக்கு எட்டியது அது. ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பெட்ரோலையும் விஷச்சாராயத்தையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் அது யாருக்கு மலிவு, யார் தலையில் விழுந்து மலிவானது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். என் ஆறு ரூபாய் பெட்ரோல் நாள்களில், கரும்பு வெட்டவும் களையெடுக்கவும் நாங்கள் கொடுத்த கூலி மலிவாக இருந்ததால்தான் எங்கள் வீட்டில் மொபெட் வாங்க மிச்சம் பிடிக்க முடிந்தது. அந்த மலிவும் இந்த மலிவும் வேறு வேறு அல்ல.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கரும்பு விவசாயி இதன் மறுபக்கத்தில் நிற்கிறார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பி வாழ்பவர் அவர். மத்திய அரசு நிர்ணயிக்கும் கரும்பு விலை 2009-10-இல் குவிண்டாலுக்கு 129 ரூபாய் 84 காசு. 2024-25-இல் 340 ரூபாய். இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால், அந்த விலையைப் பெறத் தேவையான சர்க்கரைச் சத்து 9.5 சதவீதத்திலிருந்து 10.25 சதவீதமாக உயர்த்தப்பட்டுவிட்டது. அவர் போடும் டீசலின் விலையும் இதே காலத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. சர்க்கரை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று நகரம் விரும்பும்போது அவருடைய கரும்புக்கான விலை இறுகுகிறது. அவர் கூலியைக் குறைக்கப் பார்க்கிறார். கடைசியில் கணக்கு நேராவது களையெடுக்கும் பெண்ணின் கையில்தான்.

ஆகவே, விலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் சரியாகப் பேச வேண்டும். ஒரு விலையைச் சொல்லும்போது, அந்த ஆண்டின் கூலியையும் சேர்த்துச் சொல்வோம். வரியைப் பற்றிப் பேசும்போது மத்திய அரசு, மாநில அரசு இரண்டின் பங்கையும் சேர்த்தே பேசுவோம். கச்சா எண்ணெய் மலியும் காலத்தில் அந்தப் பயன் மொபெட்டில் செல்பவருக்கும் சேர வேண்டும் என்று கேட்போம். குறைந்தபட்சக் கூலி சட்டத்தில் இருந்தால் போதாது, வயலிலும் கட்டடத்திலும் கொடுக்கப்படுகிறதா என்று கேட்போம். மலைக் கிராமத்துக்குச் சாலையும் பேருந்தும் வந்தனவா என்பதையும் விலைவாசிப் பேச்சின் ஒரு பகுதியாகவே கருதுவோம்.

அந்த அம்மையாரை அதன்பிறகு பல காலைகளில் பார்த்துப் பேசியிருக்கிறேன். கணக்குப் போட்டதைச் சொன்னேன். அன்றைக்கு லிட்டர் பெட்ரோலுக்கு நீங்கள் ஒன்றரை நாள் உழைக்க வேண்டும், இன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு நாள் போதும் என்றேன். சற்று நேரம் யோசித்தார். 'நல்லதுதான் சாரு. ஆனா ஆம்பளைக்கு அறுநூறு, எங்களுக்கு முந்நூறு. அதையும் போட்டுப் பாத்தீங்களா?' என்றார்.

போட்டுப் பார்த்தேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்ற சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதற்கு ஏழாண்டு கழித்து எங்கள் வயலில் ஆண் ஏழு ரூபாய் வாங்கியபோது அவர் வாங்கியது நான்கு. இன்று ஆண் வாங்குவதில் சரிபாதி. நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அவருடைய பங்கு குறைந்திருக்கிறது. வண்டி வந்து நின்றது. மற்ற பெண்களோடு அவரும் ஏறிக்கொண்டார்.